பெரிய கேஸில் ஜாமீன்: முதல்முறை கோர்ட் படி ஏறும் குடும்பங்களுக்கு

காரைக்குடியில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக எனக்குப் பல வருடம் ஓடிவிட்டது. காலை ஆறரை மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால், முந்தின ராத்திரி அந்த வீட்டில் யாரையோ போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். டீ கூடக் குடித்திருக்க மாட்டார்கள். முதலில் கேட்பது, "ஜாமீன் எப்பண்ணே கிடைக்கும்?" அடுத்து, "அவன் ஒண்ணுமே செய்யலண்ணே, அதைச் சொன்னா விட்டுருவாங்கல்ல?"

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொலை, கொலை முயற்சி, வரதட்சணை மரணம், போக்சோ போன்ற கேஸ்களில் ஜாமீன் மனு வரும்போது, செய்தாரா இல்லையா என்று கோர்ட் தீர்ப்புச் சொல்வதில்லை. அது பின்னால், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்த பிறகு வருகிற வேலை. ஜாமீன் கட்டத்தில் நீதிபதிக்குத் தெரிய வேண்டியது வேறு. வெளியே விட்டால் இந்த ஆள் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவாரா? சாட்சிகள் பக்கம் போய் மிரட்டுவாரா, ஆதாரத்தைக் கலைப்பாரா? மறுபடி வம்பில் இறங்குவாரா? இதோடு குற்றம் எவ்வளவு பெரியது, இவர் பங்கு என்று போலீஸ் எதைச் சொல்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் அதற்கு ஆதாரம் தெரிகிறதா என்பதையும் பார்ப்பார்.

ஒரு தடவை ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கிரிக்கெட் கோப்பையோடு நிற்கும் போட்டோ, ஊரார் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட நல்லொழுக்கக் கடிதம் எல்லாம் இருந்தன. திருவிழாவில் நடந்த தகராறு, கொலை முயற்சி கேஸ். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: "அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிட்டாராம்மா?" அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில் நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். மஞ்சப்பையை யாரும் திறக்கவில்லை. அந்த அம்மா முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

முதல் நாள்

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. எதற்காகக் கைது என்பதை அவருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும். காரணம் தெரிவிக்காத கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியிலும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதனால் என்ன காகிதம் கொடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து நினைவிலிருந்து சொன்னால் நேரம் குழம்பிவிடும்.

அந்த நோட்டில் வேறு நான்கு விஷயமும் வேண்டும்: எந்த போலீஸ் ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர் நம்பரும் வருடமும், என்னென்ன பிரிவு, உங்கள் ஆள் எத்தனையாவது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வார்கள்). கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஏ1 என்பவர் அரிவாளால் வெட்டியதாக இருக்கும், ஏ6 கூட நின்றதாக மட்டும் இருக்கும். இருவர் மேலும் ஒரே பிரிவு போட்டிருந்தாலும் ஜாமீனில் இருவரும் ஒன்றல்ல. எஃப்.ஐ.ஆர் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். போக்சோ மாதிரி சில கேஸ்களில் போட மாட்டார்கள். அப்போது வக்கீல் மூலம் கோர்ட்டில் நகல் வாங்க வேண்டும்.

2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த சம்பவம் என்றால் பழைய பிரிவு நம்பர்கள் கிடையாது. கொலைக்கு 302 என்று எல்லாருக்கும் மனப்பாடம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. கொலை முயற்சி 307 என்பது 109 ஆகிவிட்டது. ஜாமீன் சம்பந்தப்பட்டவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன: மாஜிஸ்திரேட்டுக்கு 480, முன்ஜாமீனுக்கு 482, செஷன்ஸ் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் 483. வக்கீல் பேசும்போது இந்த நம்பர்கள் காதில் விழும், பயப்பட வேண்டாம்.

பையனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் அன்றைக்கே பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அவன் போக வேண்டிய இடம் சிறார் நீதிக் குழுமம். அங்கே குற்றம் பெரிதோ சிறிதோ, ஜாமீன் கொடுப்பதுதான் முறை, மறுப்பதற்குத்தான் தனிக் காரணம் வேண்டும்.

பணம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உரிமை. சம்பந்தப்பட்டவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்தாலும் அப்படித்தான். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100 என்ற நம்பருக்குப் போனும் செய்யலாம். இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்க்க மாட்டார் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் யாராவது சொல்வார்கள். நன்றாக வாதாடி ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கோர்ட்டுக்குப் போவது

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. நம் ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. கானாடுகாத்தானில் நடந்த சம்பவம் என்றால் சிவகங்கை மாவட்டம், சிவகங்கை செஷன்ஸ் கோர்ட் வட்டாரம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராயவரத்தில் நடந்தது என்றால் புதுக்கோட்டை. நீங்கள் குடியிருப்பது காரைக்குடியா தேவகோட்டையா என்பது கணக்கில்லை. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததோ அதுதான் கணக்கு. பெண் எடுத்த ஊரில் தகராறு, கேஸ் அந்த ஊர் மாவட்டத்தில் என்று தெரியாமல் சிவகங்கைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு நாளை வீணாக்கியவர்கள் உண்டு.

முதலில் ரிமாண்ட் செய்வது, அதாவது காவலில் வைக்கச் சொல்வது, மாஜிஸ்திரேட். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றத்தை ஒருவர் செய்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் தர முடியாது. பெண்கள், சிறுவர்கள், நோயாளிகள், உடல் நலிந்தவர்கள் ஆகியோருக்கு அந்தச் சட்டமே விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஆக, கொலை கேஸில் காரைக்குடி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு தள்ளுபடி ஆனால் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த படி செஷன்ஸ் கோர்ட். அங்கேயும் இல்லையென்றால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது திறந்ததிலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டக் கேஸ்களும் அங்கேதான் போகின்றன. அதற்கு முன்னால் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டியிருந்தது என்பதைப் பெரிய வக்கீல்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

போக்சோ கேஸ் என்றால் அதற்கான தனிக் கோர்ட். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் கேஸுக்கும் தனிக் கோர்ட். அங்கே ஜாமீன் மறுத்தால் ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடாகத்தான் போக வேண்டும், சாதாரண ஜாமீன் மனுவாகப் போக முடியாது. அந்தச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கும் தடை இருக்கிறது. புகாரைப் படித்தாலே அந்தச் சட்டத்தின் குற்றம் எதுவும் தெரியவில்லை என்றால்தான் கோர்ட் அந்தத் தடையைத் தாண்டும்.

கைது இன்னும் நடக்கவில்லை, பெயர் மட்டும் அடிபடுகிறது என்றால் முன்ஜாமீன். அது கிடைத்தால் பொதுவாகக் கோர்ட் விசாரணை முடியும் வரை நிற்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2020-ல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கொலை கேஸில் தேடப்படுகிறவர் தலைமறைவாக இருந்துகொண்டு முன்ஜாமீன் கேட்டால் அந்த ஓட்டமே அவருக்கு எதிராக நிற்கும். பர்மா பஜார் பக்கம் தங்கிக்கொள், கேரளாவுக்குப் போய்விடு என்று யோசனை சொல்லும் சொந்தக்காரர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நீதிபதி எதைப் பார்க்கிறார்

மனு தாக்கல் ஆனதும் ஒரு நகல் அரசு வக்கீலுக்குப் போகும். அவர் ஸ்டேஷனிலிருந்து விவரம் கேட்பார். சில நாளில் மனு விசாரணைக்கு வரும். ஜாமீன் மனுக்களை இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாதம் என்பது பல நேரம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் எடைபோடப்படுவது எது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அதை அப்படியே ஒப்பிப்பதை விட நம் பக்கத்து கேஸ்களில் அது எப்படி வெளிப்படுகிறது என்று சொல்கிறேன்.

முதலாவது, இவர் பங்கு. வெட்டியது யார், பிடித்துக்கொண்டது யார், வண்டி ஓட்டியது யார். எஃப்.ஐ.ஆரிலேயே பெயர் இருக்கிறதா, அல்லது பிடிபட்ட இன்னொருவரின் வாக்குமூலத்தை வைத்துப் பின்னால் சேர்த்தார்களா. போலீஸிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் விசாரணையில் சாட்சியமாக நிற்காது. அதை மட்டும் வைத்து ஒருவர் உள்ளே இருந்தால் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். ஒரே மாதிரிப் பங்கு உள்ள இன்னொரு எதிரிக்கு ஏற்கெனவே ஜாமீன் கிடைத்திருந்தால் அந்த உத்தரவின் நகல் தங்கம். அவர்கள் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லையென்றாலும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, போலீஸ் விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஆயுதம் கைப்பற்றியாகிவிட்டதா, முக்கியச் சாட்சிகளை விசாரித்தாகிவிட்டதா, அடையாள அணிவகுப்பு முடிந்ததா, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா. இவையெல்லாம் முடிந்த பிறகு ஒருவரை உள்ளே வைத்திருப்பதற்கான காரணம் மெலிகிறது. கைதான நான்காம் நாள் போட்டுத் தள்ளுபடியான அதே மனு ஐம்பதாம் நாள் கிடைப்பது இதனால்தான். முதல் மனு தள்ளுபடி ஆனதும் வக்கீலை மாற்ற வேண்டும் என்று துடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாற்றினாலும் முன்பு எங்கெங்கே மனு போட்டோம், என்ன ஆனது என்பதைப் புது மனுவில் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2024-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மறைத்தது தெரிந்தால் கிடைத்த ஜாமீனும் போய்விடும்.

மூன்றாவது, முன் வழக்குகள். குடும்பத்தார் வக்கீலிடமே மறைப்பது இதைத்தான். பழைய அடிதடி கேஸ், எப்போதோ சீட்டாடிப் போட்ட அபராதம், எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அரசு வக்கீல் கையில் போலீஸ் கொடுத்த பட்டியல் இருக்கும். அவர் எழுந்து "இவர் மேல் மூன்று முன் வழக்கு" என்று சொல்லும்போது நம் வக்கீல் முதன்முதலாக அதைக் கேட்டால், அந்தப் பத்து நிமிடம் அங்கேயே முடிந்தது. தெரிந்திருந்தால் ஒன்றில் விடுதலை ஆகிவிட்டது, இன்னொன்று ஏழு வருடத்துக்கு முன்னால் என்று பதில் தயாராக இருக்கும்.

நான்காவது, ஓடிவிடுவாரா. இது நம் வட்டாரத்துக்கென்றே இருக்கிற தலைவலி. ரங்கூன், மலாயா என்று போன காலம் தொட்டு நம்மூரில் கடல் தாண்டாத குடும்பம் குறைவு. இன்றும் எத்தனையோ பிள்ளைகள் சிங்கப்பூர் பெர்மிட்டில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் கேஸில் மாட்டியவருக்கு, வெளியே விட்டால் விமானம் ஏறிவிடுவார் என்று அரசுத் தரப்பு சொல்லும். பாஸ்போர்ட்டைத் தாமாகவே கோர்ட்டில் ஒப்படைக்கிறோம் என்று மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடவே இவரை ஊரில் கட்டிவைத்திருக்கும் விஷயங்களைக் காகிதமாகக் காட்டுங்கள்: ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் தாயாரின் மருத்துவச் சீட்டு, நடத்தும் கடையின் லைசென்ஸ். நாற்பது பேர் கையெழுத்துக் கடிதத்தை விட இந்த நான்கு ஜெராக்ஸுக்குக் கனம் அதிகம்.

கொலை முயற்சி கேஸில் அடிபட்டவரின் நிலைமை. முன்பே சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து போய்விட்டாரா, காயம் சாதாரணமா கொடுங்காயமா என்று காயச் சான்றில் என்ன இருக்கிறது. அவர் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது மனுவை அவசரப்பட்டு விசாரணைக்குக் கொண்டுவருவதில் பயன் இல்லை. அவர் இறந்துவிட்டால் பிரிவே கொலையாக மாறிவிடும்.

எத்தனை நாள் உள்ளே இருக்கிறார், கோர்ட் விசாரணை எப்போது முடியும் என்பதும் எடைபோடப்படும். விசாரணை நெருங்கிய காலத்தில் முடியாது என்றால் காலவரையின்றி அடைத்து வைப்பது தண்டனைக்கு முன்பே தண்டனை கொடுப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் டெல்லியின் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியாவுக்கு ஜாமீன் கொடுத்தபோது சொன்னது. மிகக் கடுமையான சட்டங்களிலும் இதற்கு இடமுண்டு என்று 2021-லேயே உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கு ஒன்றில் சொல்லியாகிவிட்டது. ஆனால் 'ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கொலை கேஸில் இருபதாம் நாள் நம்பிக்கை வைக்காதீர்கள். பெரிய குற்றத்தில் குற்றத்தின் கனமும் தட்டில் உட்காரும்.

கஞ்சா கேஸ் தனி ரகம். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு என்று வைத்து போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்ய மாட்டார் என்று கோர்ட்டுக்கே தோன்ற வேண்டும். அந்த அளவைத் தாண்டவில்லை என்றால் இந்தச் சுவர் இருக்காது. அதனால் மகஜரில் (பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதும் பதிவில்) எழுதிய எடை எவ்வளவு, அதில் விதை, தண்டு சேர்ந்திருக்கிறதா என்பதை வக்கீல் வரி வரியாகப் பார்ப்பார்.

எதிர்த் தரப்பில் இருப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர் பாதிக்கப்பட்டவரின் குடும்பமாகவும் இருக்கலாம். உங்களுக்கும் அந்த அறையில் இடம் உண்டு. ஜாமீன் கட்டம் உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022-ல், லக்கிம்பூர் கேரி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணின் பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார்தாரரோ அவர் சார்பாக ஒருவரோ கோர்ட்டில் இருப்பது கட்டாயம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் உங்களுக்குத் தகவல் சொல்லாமல் நடத்தக் கூடாது. அரசு வக்கீல் ஆபீஸில் போய் மனு எப்போது வருகிறது என்று கேட்டு வையுங்கள். மிரட்டல் வந்திருந்தால் தேதி போட்டு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொன்ன மிரட்டல் கோர்ட்டுக்குக் கேட்காது, ரசீதோடு இருக்கும் புகார் கேட்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெண் சம்பந்தப்பட்ட கேஸ்களில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, "கட்டி வச்சிடலாம், ஜாமீனுக்கு ஒத்துக்கங்க" என்று பேசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணமோ சமரசமோ ஜாமீனுக்கு நிபந்தனை ஆகக் கூடாது, கோர்ட்டே அப்படி ஒரு யோசனை சொல்லக் கூடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையை யாரும் அந்த நெருக்கடியில் தள்ளாதீர்கள். அதே போல், எதிரிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்றால் கேஸ் தோற்றுவிட்டது என்று மனம் உடையாதீர்கள். ஜாமீன் உத்தரவில் எழுதிய எதுவும் பின்னால் வரும் தீர்ப்பைக் கட்டுப்படுத்தாது. வெளியே வந்தவர் சாட்சியைத் தொந்தரவு செய்தால் ஜாமீனை ரத்து செய்ய மனு போடலாம்.

நாள் எண்ணுங்கள்

எங்கள் ஆபீஸ் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும் தேதிகள் எல்லாம் இதற்குத்தான். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாளில், மற்றவற்றுக்கு 60 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால், குற்றம் எவ்வளவு பெரிது என்ற கேள்வியே இல்லாமல் ஜாமீன் உரிமை. வணிக அளவு கஞ்சா கேஸில் இது 180 நாள்.

எண்ண வேண்டியது கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் மே 29 தொண்ணூறாம் நாள். மே 30 காலையில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்று தெரிந்தால் உடனே மனு. உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது, கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போயிற்று. கேட்ட பிறகு வந்தால் அது உரிமையைப் பறிக்காது. சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் 2020-ல் இது உறுதியானது. அதே வருடம், கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டிக் குற்றப்பத்திரிகைக்குக் காலம் நீளும் என்று சொன்னபோது, மதுரை மாவட்டம் சமயநல்லூர் ஸ்டேஷன் கேஸ் ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. நம் பக்கத்து கேஸ் நாட்டுக்கே சட்டம் சொன்ன சமயம் அது.

இன்னொரு நீண்ட கணக்கும் உண்டு. விசாரணைக் கைதியாகவே அதிகபட்சத் தண்டனையில் பாதியை, முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் ஜாமீனுக்கு வழி இருக்கிறது. ஆனால் மரண தண்டனை, ஆயுள் தண்டனை உள்ள குற்றத்துக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவருக்கும் கிடைக்காது.

குண்டாஸ் பற்றி ஒரு வார்த்தை. 1982-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் அது. அந்த உத்தரவு போட்டுவிட்டால், கேஸில் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வர முடியாது. 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம். அதை உடைக்கும் வழி ஜாமீன் மனு அல்ல, ஆலோசனைக் குழுவும் மதுரைக் கிளையில் போடும் ஆட்கொணர்வு மனுவும்தான். ஜாமீனில் வரப் போகிறார் என்பதையே அந்த உத்தரவுக்குக் காரணமாக எழுதுவார்கள் என்பதால், ரவுடிப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மனுவை எப்போது போடுவது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் வேலை இருக்கிறது

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று போன் வந்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள். பொறுங்கள். மதுரைக் கிளை உத்தரவில் வழக்கமாக இப்படி இருக்கும்: 10,000 ரூபாய் போல ஒரு தொகைக்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும், ஜாமீன்தாரர்களின் போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பாங்க் பாஸ்புக் நகல், தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. தலைமறைவாகக் கூடாது, சாட்சியைக் கலைக்கக் கூடாது. அந்தத் தொகையை யாரும் கட்டத் தேவையில்லை, ஆள் வராமல் போனால்தான் அது கேள்விக்கு வரும். இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்த குடும்பம் உண்டு.

ஜாமீன்தாரர் விஷயத்தில் நம் ஊர் வீடுகளே நமக்குக் குறுக்கே நிற்கும். ஒரு பெரியவர் தன் தம்பி மகனுக்காக வந்தார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவை அடைத்த வீடு, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வீட்டு வரி ரசீது அவருடைய பாட்டையா பெயரில் இருந்தது. பங்காளிகள் பதினோரு பேர், பாதிப் பேர் சென்னையிலும் வெளிநாட்டிலும். அவர் பெயரில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடைசியில் கழனிவாசலில் இரண்டு அறை வீட்டில் இருந்த கொத்தனார் ஒருவர், தன் பெயரில் இருந்த ரசீதோடு வந்து கையெழுத்துப் போட்டார். மனு விசாரணைக்கு வரும் முன்பே, சொந்தப் பெயரில் வரி ரசீதோ பட்டாவோ உள்ள மூன்று பேரைப் பார்த்து வைத்துவிடுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் அன்றைக்குப் பார்த்து வெளியூர் போயிருப்பார், அதற்காக மூன்று. ஆதார், ரேஷன் கார்டு, ரசீது மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ரசீதை ஏற்பார்கள், வி.ஏ.ஓ சான்று வேண்டுமா என்பது கோர்ட்டுக்குக் கோர்ட் கொஞ்சம் மாறும். முதல் நாளே விசாரியுங்கள்.

கோர்ட் வாசலில் "ஜாமீன்தாரர் நான் ஏற்பாடு பண்றேன், தலைக்கு இவ்வளவு" என்று ஒருவர் வருவார். வேண்டவே வேண்டாம். போலி ரசீது என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு புதுக் கேஸும் சேரும்.

உண்மையிலேயே ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைகளுக்கும் வழி இருக்கிறது. 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். இதைச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாமல் ஜாமீன் உத்தரவோடு உள்ளே கிடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க மனம் ஆறவில்லை.

பிணை ஏற்றுக்கொண்ட பிறகு விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். சாயங்காலம் தாமதமானால் மறுநாள் காலைதான். மதுரைச் சிறை வாசலில் ராத்திரி முழுக்க நிற்பதை விட, காலை முதல் பஸ் போதும்.

ஊர்த் தகராறு கேஸ்களில் சொந்த ஊருக்குள் போகாமல் திருச்சியிலோ மதுரையிலோ தங்கி அங்கேயே கையெழுத்துப் போடச் சொல்வது வழக்கம். தங்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசியுங்கள். கஷ்டமாக இருந்தால் சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு தளர்வு மனு போடலாம். ஊர்த் திருவிழா, சாவு, கல்யாணம் எதுவாக இருந்தாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. எதிர்த் தரப்பு செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

முதல் நாள் கையெழுத்துக்குப் போகும்போது உத்தரவின் நகல் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், பத்தே காலுக்கே ஸ்டேஷனில் இருங்கள். கையெழுத்துப் போட்டதும் தேதி, நேரம், ரெஜிஸ்டரைக் கொடுத்தவரின் பெயர் மூன்றையும் அந்த முதல் நாள் நோட்டிலேயே எழுதுங்கள். ஜுரம் வந்து போக முடியாவிட்டால் அன்றைக்கே டாக்டர் சீட்டோடு வக்கீலுக்குச் சொல்லுங்கள், மறுநாள் அல்ல.